பேரிகை பீரோவில் ஒரு கம்ப்யூட்டர்

1

நாங்கள் இருக்கும் இந்தக் கனடா நகரத்தில் ஆயுத பூஜை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மளிகைக் கடையில் சும்மா கொடுக்கும் நாள்காட்டியில் அந்தத் தேதி சிவப்பாக இருக்கும், அவ்வளவுதான். மற்றபடி எல்லோரும் வேலைக்குப் போவார்கள், குப்பை வண்டி வரும். இந்த வருஷம் அந்தச் சிவப்புத் தேதி நெருங்க நெருங்க நாள்காட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவைத்தேன். போன வருஷம் அதே நாளில் நான் செய்த காரியத்தை ஊர்க்காரர்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. நேரில் சொல்லும் தைரியம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. கேஸ் அடுப்பை மூடிவிட்டு மூன்று முறை திரும்பிப் பார்ப்பேன். அரசாங்கத்திடமிருந்து பழுப்பு உறை வந்தால் பிரிக்கவே மாட்டேன். லாரி ஓட்டப் போயிருக்கும் என் வீட்டுக்காரர் திரும்பி வரும்வரை அது சாமி படத்துக்குக் கீழேயே கிடக்கும். ஒரு முறை அப்படி நான்கு நாள் காத்திருந்து பிரித்தால், நூலகத்தில் புத்தகக் கண்காட்சி என்று அழைத்திருந்தார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ அரசாங்கச் சாமான்களோடு. இங்கே அரசு அலுவலகங்களில் சில வருஷத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர்களை மாற்றுவார்கள். கழித்துப்போட்டவை லாரியில் எங்கள் பட்டறைக்கு வரும். தூசி தட்டி, கெட்டதைக் கழற்றி, நல்லதை மாட்டி, பள்ளிக்கூடங்களுக்கும் புதிதாக வந்து இறங்கிய அகதிக் குடும்பங்களுக்கும் இல்லாதப்பட்டவர்களுக்கும் இலவசமாகக் கொடுப்போம். அதற்கு முன்னால் உள்ளே இருப்பதை அழிக்க வேண்டும். அரசு அலுவலகக் கம்ப்யூட்டரில் ஜனங்களின் பெயர், விலாசம், வியாதி, குடும்ப வழக்கு எல்லாம் இருக்குமே. அந்த அழிக்கிற மேசைதான் என்னுடையது. எட்டு ஹார்ட் டிஸ்க்கை ஒரே சமயத்தில் மாட்டி பொத்தானை அழுத்தினால், இயந்திரம் மூன்று முறை மேலே எழுதி அழிக்கும். காலையில் போட்டால் சாயந்திரம்தான் முடியும். முடிந்த பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முடிந்த பிறகு.

2

வேலை முடியுமுன்பே கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு ஓசூரில் ஒட்டிக்கொண்டது.

அப்பா விருதுநகர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து சிப்காட் கம்பெனியில் கடைசல் பிடித்தவர். நான் பிளஸ் டூ முடித்த கையோடு இன்னொரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் உட்கார்ந்தேன். எனக்கு இந்தப் பக்கம் கன்னடம் பேசுகிறவள், அந்தப் பக்கம் தெலுங்கு, எதிரே நூர்ஜஹான். நூர்ஜஹானின் அத்தா ஓசூர் பக்கத்துப் பேரிகை ஊர்ச் சந்தையில் துணிக்கடை போடுகிறவர். நாங்கள் இரண்டு பேரும் ஆறு வருஷம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை செய்தோம்.

ஷிப்ட் முடிந்து சரியாகப் பத்தே நிமிஷத்தில் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். விட்டால் பஸ் ஸ்டாண்டு வரை நடைதான். அதனால் வேலை முடிந்ததென்று குறிக்கும் செக் ஷீட்டை யாரும் கடைசியில் எழுத மாட்டோம். காலையில் வந்ததும் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டு வைத்துவிட்டுத்தான் வேலையே தொடங்குவோம். சூப்பர்வைசருக்கும் தெரியும். வேலையை எப்படியும் முடித்துவிடுவோம் என்பதால் அவரும் கண்டுகொள்ள மாட்டார்.

ஆயுத பூஜைக்கு மெஷின்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மத்தியானத்தோடு மெயின் சுவிட்சை அணைப்பார்கள். வாசலில் பூசணிக்காய் உடைபடும். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை எந்த மெஷினையும் ஓட்டக் கூடாது. ஓட்டினால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை, யாரும் ஓட்டிப் பார்த்ததுமில்லை. நூர்ஜஹான் பூஜைக்கு நிற்க மாட்டாள். பொரி பங்குக்கு மட்டும் முதல் ஆளாக நிற்பாள். "எங்க அத்தாவுக்குப் பொரின்னா உசுரு மல்லிகா, உன் பங்கையும் குடு" என்று என் பொட்டலத்தையும் பிடுங்கிக்கொள்வாள்.

கல்யாணமாகி நான் விமானம் ஏறினேன். அவள் பேரிகையிலேயே பொண்ணுங்களுக்குத் தையலும் டைப்பிங்கும் சொல்லித் தரும் சின்ன மையம் தொடங்கினாள். அங்கே கம்ப்யூட்டர் வேண்டும் என்று இரண்டு வருஷம் என்னை போனில் நச்சரித்தாள். எங்கள் பட்டறை மேற்பார்வையாளர் டோனாவிடம் நான் என் அரைகுறை ஆங்கிலத்தில் கெஞ்சினேன். டோனாவுக்கு அறுபது வயது, கணீர் குரல். வெளிநாட்டுக்குச் சாமான் அனுப்பும் ஒரு தொண்டு நிறுவனத்தின் கன்டெய்னரில் பத்து கம்ப்யூட்டருக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள். எங்கள் ஊருக்கு நான் செய்யும் முதல் நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

3

அந்தப் பத்தில் எட்டுக்கான டிஸ்க்குகள் என் மேசைக்கு வந்தது போன வருஷம் ஆயுத பூஜை அன்று.

காலையில் வந்தேன். பழக்க தோஷம், படிவத்தில் எட்டுக்கும் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். டிஸ்க்குகளை மாட்டினேன். பொத்தானில் விரல் வைத்தபோதுதான் அன்று என்ன நாள் என்பது உறைத்தது. பேரிகைக்குப் போகிற சாமான், நம் ஊர்ப் பிள்ளைகள் தொடப்போகிற சாமான், இதைப் போய் பூஜையன்று ஓட்டுவதா? ஒரு நாள் ஆறப்போட்டால் குடியா முழுகிவிடும்? விஜயதசமியன்று காலையில் முதல் வேலையாக ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கைப்பையில் டிஷ்யூ காகிதத்தில் மடித்த குங்குமம் இருந்தது. மேசைக்கு ஒரு பொட்டு வைத்தேன். பொரிக்குப் பதிலாகக் காலை உணவுக்கு இங்கே சாப்பிடும் சர்க்கரைப் பொரியை ஒரு மூடியில் வைத்தேன். கற்பூரம் ஏற்றினால் தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்பதால் வெறும் கையால் கும்பிட்டேன். மனம் குளிர்ந்துபோனது. கையெழுத்தைப் பற்றி நினைவே இல்லை.

மறுநாள் காலை நான் பஸ்சில் ஏறுமுன் பள்ளியிலிருந்து போன். என் மகள் திவ்யா விளையாட்டு வகுப்பில் மயங்கி விழுந்திருந்தாள். பதிமூன்று வயது. பள்ளி திறந்த நாளிலிருந்து நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை அப்படியே குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு வெறும் வயிற்றோடு இருந்திருக்கிறாள். வாசனை வருகிறதாம், பக்கத்தில் யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்களாம். இதை அவள் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். தமிழில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நாள் வீட்டிலேயே அவள் கூட இருந்தேன்.

திரும்பி வந்தபோது மேசை காலி. கையெழுத்தைப் பார்த்து முடிந்துவிட்டதென்று தன்னார்வலர்கள் எட்டு டிஸ்க்கையும் எடுத்து, புதிதாக மென்பொருள் ஏற்றி, கம்ப்யூட்டர்களில் மாட்டி, பெட்டியில் அடைத்துவிட்டார்கள். "சரியான நேரத்தில் முடித்தாய், நன்றி" என்றாள் டோனா.

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். யாராவது ஓட்டியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை என்று உள்ளுக்குள் தெரியும். கேட்டால் கையெழுத்தைப் பற்றிப் பேச்சு வரும். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அப்போதுதான் உள்ளே போயிருந்தது. வேலைக்குச் சேரும்போது, ரகசியம் காப்பேன், தவறினால் வழக்குக்கு உட்படுவேன் என்று ஒரு காகிதத்தில் வேறு எழுதிக் கொடுத்திருந்தேன். கன்டெய்னர் கிளம்பியது. நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

4

பெட்டிகள் சென்னைத் துறைமுகத்தில் வாரக்கணக்கில் கிடந்தன. இலவசம் என்றால் ஏன் இலவசம் என்று கேள்வி, பழையது என்றால் எவ்வளவு பழையது என்று கேள்வி. நூர்ஜஹான் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசுக்கும் சென்னைக்கும் கடிதத்தோடு அலைந்தாள். ஒவ்வொரு முறை அவள் புலம்பும்போதும், அவை அங்கேயே துருப்பிடித்துப் போனால் தேவலை என்று நான் ரகசியமாக வேண்டிக்கொண்டேன். இதை அவள் படித்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

பொங்கல் முடிந்து கம்ப்யூட்டர்கள் பேரிகை போய்ச் சேர்ந்தன. இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே இடுப்பளவு பனி, போன் அடித்தது.

"மல்லிகா, நீ அனுப்புன கம்ப்யூட்டருங்கள்ல ஒண்ணுல என்னென்னமோ இருக்குதுடி" என்றாள்.

"என்னென்னமோன்னா?"

"ஒரு பொண்ணு சும்மா நோண்டிக்கிட்டு இருந்துச்சு. உள்ள ஒரு பெட்டி மாதிரி இருக்குது, அதுல நூறு ஃபைலு. பேரு, வீட்டு விலாசம், புள்ளைங்க பேரு, எந்த ஸ்கூலுன்னுகூட இருக்குது. போட்டோவும் இருக்குது. ஒரு பொம்பள மூஞ்சி வீங்கிப்போய், கண்ணே தெரியல. பாவி, யாரு அடிச்சான்னு தெரியல."

போனோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அது எந்த அலுவலகத்துச் சாமான் என்று அப்போது புரிந்தது. புருஷன் அடி தாங்காமல் பிள்ளைகளோடு ஓடி வருகிற பெண்களுக்கு, அவனுக்குத் தெரியாத இடத்தில் வீடு பார்த்துக் கொடுக்கிற அலுவலகம். புதிதாக ஏற்றிய மென்பொருள் டிஸ்க்கின் முன்பாதியை மூடியிருக்கிறது. பின்பாதி அப்படியே இருந்திருக்கிறது.

"யாராச்சும் காப்பி எடுத்தாங்களா நூர்?"

"தெரியலடி. ரெண்டு வாரமா அந்த மெஷின்லயும் பொண்ணுங்க மாத்தி மாத்தி உக்காந்துச்சுங்க. பிரவுசிங் சென்டர் பையன் ஒருத்தன் வந்து கனெக்‌ஷன் குடுத்தான், அவன் என்ன பண்ணானோ. நான் பாத்த உடனே ஒயர புடுங்கி, பழைய புடவையில சுத்தி பீரோல வெச்சிப் பூட்டிட்டேன். சாவி என் இடுப்புல இருக்குது."

"யார்கிட்டயும் சொல்லாத."

"நான் எதுக்குச் சொல்றேன்? எங்கள மாதிரி ஆளுங்க வீட்ல வெளிநாட்டு கவர்மென்ட் ஃபைலு இருந்துச்சுன்னு தெரிஞ்சா என்னெல்லாம் பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? எனக்குத்தான் உசுரு போவுது."

அன்று சாயந்திரம் வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சேலத்துக்காரர், அதிகம் பேச மாட்டார். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டு, "பேசாம இரு. சிட்டிசன்ஷிப் பேப்பர் கைக்கு வர்ற வரைக்கும் மூச்சு விடாத" என்றார். எனக்கும் அதைத்தான் யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

5

மூன்று வாரம் மூச்சு விடாமல்தான் இருந்தேன்.

ஓசூரில் முதல் ஷிப்டுக்குப் போகும்போது சானமாவு காட்டோரம் எப்போதாவது யானை நிற்கும். டிரைவர் எஞ்சினை நிறுத்தி, விளக்கையும் அணைத்துவிடுவார். பஸ்சுக்குள் நாற்பது பெண்கள், ஒருத்தி தும்ம மாட்டாள். யானை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பக்கத்தில்தான் நிற்கிறது என்று தெரியும். அந்த மூன்று வாரமும் எனக்கு அப்படித்தான் இருந்தது. பட்டறையில் யார் என் பெயரைச் சொன்னாலும் கையில் இருப்பது கீழே விழும். டோனா கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசினால் அது என்னைப் பற்றித்தான். நாங்கள் மூன்று பேரும் பெட்டியோடு விமான நிலையத்தில் நிற்பது போலவும், திவ்யா என்னைத் தெரியாதவள் போல வேறு வரிசையில் நிற்பது போலவும் கனவு வந்தது. அந்தச் சமயம் பார்த்துக் குடியுரிமைத் தேர்வுக்கு வரச்சொல்லி பழுப்பு உறையில் கடிதம் வந்தது. பிரிக்க நான்கு நாள் ஆயிற்று.

பிறகு நூர்ஜஹான் மறுபடியும் கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"அந்த ரூமுக்கே நான் போறதில்ல மல்லிகா. பீரோக்குள்ள அந்தப் பொம்பளையே உக்காந்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்குது. நீ அவகிட்ட சொல்லிட்டியா?"

"யார்கிட்ட?"

"அவகிட்டதான். அவ போட்டோவும் விலாசமும் பேரிகையில ஒரு பீரோல கெடக்குதுன்னு அவளுக்குத் தெரிய வேணாமா? எவனுக்குப் பயந்து ஒளிஞ்சிருக்குறாளோ, அவன் கைக்குப் போயிருந்துச்சுன்னா?"

மூன்று வாரமாக நான் யோசித்ததெல்லாம் டோனா, வேலை, வழக்கு, பாஸ்போர்ட். என்னைப் பிடித்துவிடுவார்களா என்ற ஒரே கேள்வி. அந்தப் பெண் ஒருமுறைகூட என் நினைவில் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதை இங்கே எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

டோனாவிடம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால்தான் தப்பில்லாமல் போய்ச் சேரும். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. திவ்யாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். பூஜை, பொட்டு, பொரி எல்லாம் சொன்னபோது என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், ஆனால் சிரிக்கவில்லை. "தெரிந்தும் மூன்று வாரம் சொல்லவில்லை, பயந்துவிட்டேன்" என்றபோது கையை நிறுத்தினாள்.

"இத எழுதணுமா அம்மா? எழுதினா உன்ன வேலைய விட்டு அனுப்பிடுவாங்க."

எத்தனையோ நாளுக்குப் பிறகு தமிழில் பேசினாள். உச்சரிப்பு வெள்ளைக்காரி மாதிரி இருந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"எழுது" என்றேன்.

6

டோனா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், அதுவும் மெதுவாக.

"உனக்குத் தெரிந்து எத்தனை நாள்?"

"மூன்று வாரம்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, போனை எடுத்து அந்த அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. நூர்ஜஹான் எட்டு டிஸ்க்குகளையும் கழற்றி எடுத்துக்கொண்டு ஓசூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போய், ஒவ்வொன்றிலும் நான்கு ஓட்டை போடச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பார்த்து, போட்டோ எடுத்துக் கையெழுத்திட்டு அனுப்பினாள். டோனா தன் கையாலேயே வேறு எட்டை அழித்து அனுப்பிவைத்தாள். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. மூன்று மாதம் அழிக்கும் மேசைப் பக்கம் வரக்கூடாது, கீபோர்டு துடைக்கலாம். வழக்கு ஒன்றும் வரவில்லை. தேர்வில் பாஸானேன். ஜூன் மாதம் ஒரு மண்டபத்தில் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தோம். வீட்டுக்காரர் கோட்டு போட்டுக்கொண்டார். நான் எதை நினைத்துச் செத்துச் செத்துப் பிழைத்தேனோ, அது நடக்கவே இல்லை.

அந்த மண்டபத்திலிருந்து பட்டறைக்குக் கேக் எடுத்துக்கொண்டு போனேன். டோனா ஒரு துண்டு சாப்பிட்டாள். நான் கிளம்பும்போது, எனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, சொன்னாள். அந்த டிஸ்க்கில் இருந்த பல விலாசங்கள் பழையவை. நான்கு விலாசங்களில் மட்டும் அந்தக் குடும்பங்கள் அப்போதும் குடியிருந்தன. வெளியே போன விலாசம் இனிப் பாதுகாப்பில்லை என்பது அந்த அலுவலகத்தின் விதி. நான்கு பெண்களும் ஒரே வாரத்தில், நடுப் பனிக்காலத்தில், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டு வேறு எங்கோ போய்விட்டார்கள். எங்கே என்று டோனாவுக்கும் தெரியாது. தெரியக் கூடாது.

நாட்டை விட்டுத் துரத்திவிடுவார்களோ என்று பயந்தவள் நான். நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன்.

7

இந்த வருஷம் ஆயுத பூஜையன்று காலை எட்டு டிஸ்க்கை மாட்டினேன். பொத்தானை அழுத்தினேன். இயந்திரம் சாயந்திரம் வரை ஓடியது; நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு கையெழுத்துப் போட்டேன். பஸ் போய்விட்டது, நடந்தேன்.

வழியில் நம் ஊர்ச் சாமான் விற்கும் மளிகைக் கடையில் பொரி வாங்க நுழைந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தை, பாவாடையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. காலி அட்டைப்பெட்டி இருந்தால் தர முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு மாறுகிறாளாம். எந்த ஊர்க்காரியோ, என்ன காரணமோ. அவர் ஐந்தாறு பெட்டிகளை எடுத்துப் போட்டார். குழந்தையையும் வைத்துக்கொண்டு அவளால் தூக்க முடியவில்லை.

அந்த டிஸ்க்கில் இருந்த முகத்தை நூர்ஜஹான்தான் பார்த்தாள், நான் பார்த்ததில்லை. எதிரே வந்து நின்றாலும் எனக்கு அடையாளம் தெரியாது.

பெட்டிகளைத் தூக்கிக் கொடுக்கலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். கூடவே போனால் அவள் எந்தத் தெருவில் திரும்புகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயத்தில், அவள் இரண்டு நடையாகப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய் மறைகிறவரை, அரிசி மூட்டைகளைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டேன்.